சாயல்குடியில் கொஞ்சம், எட்டயபுரத்தில் கொஞ்சம்

உட்காருங்கள் தம்பி. அந்த ஓரத்தில் வேண்டாம், மேலே புறா இருக்கிறது. இப்படி என் பக்கத்தில் வாருங்கள். விளாத்திகுளம் பஸ்தானே? அதற்கு நேரம் இருக்கிறது. நானும் ஒரு பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறேன். ஏறுவதற்கு இல்லை. கொஞ்சம் பொறுங்கள், கேளுங்கள் இதை.

"பயணிகள் கவனத்திற்கு. சாயர்புரம் செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் ஏழாவது நடைமேடைக்கு வரும்."

கேட்டீர்களா? யார் குரல் அது? என் குரல். அப்படிப் பார்க்காதீர்கள். இப்போது பல் போய்விட்டது, பேசினால் காற்று நாலு பக்கமும் ஓடுகிறது. ஆனால் அந்தக் குரல் என்னுடையதுதான். இந்த பஸ் ஸ்டாண்டில் தலை நரைக்கும்வரை மைக் பிடித்தவன் நான். மைக் சொரிமுத்து என்று அந்த வெற்றிலைக் கடையில் கேட்டுப் பாருங்கள், சொல்வான்.

குரல் என்னுடையது. ஆனால் அந்த ஊர்ப் பெயரை நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த பஸ்ஸில் என் மகள் வந்துகொண்டிருக்கிறாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன் என்று நினைத்து வருகிறாள். அவள் இறங்கியதும், "நான் கூப்பிடலை தாயே, அது மிஷின்" என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் நான் பொய்யன் ஆகிவிடுவேன். நான் பொய் சொல்லி இதுவரை நீங்கள் கேட்டதுண்டா? இன்றைக்குத்தான் என்னைப் பார்க்கிறீர்கள், அது வேறு விஷயம்.

ஏழாவது மேடை இங்கிருந்து தெரிகிறதா உங்களுக்கு? எழுந்து நின்று பார்க்கிறேன். இல்லை, அது திருச்செந்தூர் வண்டி.

என் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். ஒரு கார்த்திகை மாதம், கண்மாய் உடைந்து தண்ணீர் இந்த வாசல் வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். நான் மைக்கைப் பிடித்து, "முதல் நடைமேடை பழுதுபார்க்கப்படுவதால் அனைவரும் பின்வாசல் வழியாகச் செல்லவும்" என்றேன். தண்ணீர் பின்வாசல் வழியாகப் போயிற்று. சிரிக்கிறீர்கள். வேறொரு நாள் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று அறிவித்தேன், மூன்று பிள்ளைகள் வந்து நின்றன. பெற்றவள் பார்த்து நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அப்படிப்பட்ட குரல்.

அப்படிப்பட்ட குரலுக்குத்தான் செண்பகம் அந்தக் காரியத்தைச் செய்தாள். செண்பகவல்லி, என் மகள். ஒரே மகள்.

இந்த பஸ் ஸ்டாண்டுக் கடைகளுக்கு ரொட்டியும் ரஸ்க்கும் கொண்டுவந்து போடுவான் ஒரு பையன், எட்வின் என்று. அந்த ஊர்க்காரன். அவன் ரஸ்க்கை நானே எத்தனையோ நாள் டீயில் நனைத்துத் தின்றிருக்கிறேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று செண்பகம் தினமும் வந்தாள். மகளுக்கு அப்பன் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் இரண்டு பேரும் அந்த ஊர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

அவன் வேதக்காரன் என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் தின்னாதவனா நான்? என் வருத்தம் வேறு. ஊருக்கெல்லாம் சேதி சொல்கிறவன் நான். எவன் எந்த பஸ்ஸில் போகிறான் என்பது என் வாயிலிருந்துதான் உலகத்துக்குத் தெரிய வேண்டும். என் வீட்டுச் சேதி எனக்குக் கடைசியாக வந்தது. பூக்காரிக்குத் தெரிந்திருக்கிறது, வெற்றிலைக் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, கக்கூஸ் வாசலில் சில்லறை வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிட மோசம், அந்த பஸ்ஸை அறிவித்தவனே நான்தான். அன்றைக்கு வண்டியில் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாத வண்டிக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே கூவுவேன். "இருக்கை வசதி தாராளமாக உள்ளது, உடனே ஏறிக்கொள்ளவும்" என்று திரும்பத் திரும்பக் கூவினேன். ஏறிக்கொண்டாள்.

அதோடு அந்த ஊர்ப் பெயரை என் வாய் விட்டுவிட்டது. வேலையில் இருந்த வரைக்கும் அந்த பஸ் வந்தால், "ஏழாவது நடைமேடையில் ஒரு பேருந்து நிற்கிறது. போகிறவர்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்வேன். அந்த ஊர்க்காரர்களும் பழகிக்கொண்டார்கள். பெயர் இல்லாமல் அறிவிப்பு வந்தால் மூட்டையைத் தூக்கிவிடுவார்கள். எதனால் அப்படிச் செய்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த பஸ் கிளம்பும்போது மட்டும் வெற்றிலைக் கடைக்காரன் ரேடியோவைக் குறைத்துவிட்டு என்னையே பார்ப்பான். அவனுக்குக் காது மந்தம் என்று நினைக்கிறேன்.

மணி என்ன ஆகிறது? உங்கள் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

எனக்கு ஓய்வு கொடுத்த வருஷம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். டிபன்பாக்ஸ் அளவுதான் இருக்கும். முன்பெல்லாம் இங்கே கூவ நான், கரும்பலகையில் நேரம் எழுத ஒரு ஆள், சினிமா சிலைடு போட ஒரு ஆள், பிக்பாக்கெட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு போலீஸ்காரர் என்று ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு சண்டை. இப்போது அந்தப் பெட்டியே கூவுகிறது, அதோ அந்தப் பலகையில் சிவப்பு எழுத்தை ஓடவிடுகிறது, டிவியில் ஜவுளிக்கடை விளம்பரம் காட்டுகிறது, மூலையில் கேமரா வைத்து நம்மைப் படம் பிடிக்கிறது. நாம் இரண்டு பேரும் இப்போது பேசிக்கொண்டிருப்பதும் அதற்குள் போய்க்கொண்டிருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி வைக்க வந்தவள் ஜெபராணி. நாகர்கோவில் பக்கம். இன்ஜினியர். நடுவயசு, நெற்றியில் கண்ணாடியைத் தூக்கிவைத்துக்கொண்டு அதையே தேடுகிறவள். குரல் வேண்டும் ஐயா, உங்கள் குரலைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள் என்றாள். லாட்ஜில் ஒரு அறை எடுத்து, சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்துவைத்து, என்னை நடுவில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். எண்கள், மேடைகள், ஊர்ப் பெயர்கள். சாயல்குடி என்றேன், எட்டயபுரம் என்றேன், திருச்செந்தூர் என்றேன். அந்த ஊர் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். "பரவால்ல ஐயா, அது கிடக்கட்டும்" என்று தாண்டிவிட்டாள். என்ன நல்ல பெண் என்று நினைத்தேன். இஞ்சி டீ வேறு வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு ஒருநாள் எதிரே சலூனில் பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து என் குரல் அந்த ஊர்ப் பெயரைக் கூவுகிறது. கத்தி கன்னத்தில் இருக்கும்போதே எழுந்துவிட்டேன். தழும்பு தெரிகிறதா? இல்லை, இந்தப் பக்கம்.

ஜெபராணியைப் பிடித்தேன். நான் சொல்லாததை என் குரலில் எப்படியம்மா சொல்லவைத்தாய்? அவள் கொஞ்சமும் பதறவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். சாயல்குடியில் முன்பாதி, திருச்செந்தூரில் கடைசி 'ர்', எட்டயபுரத்தில் பின்பாதி. வெட்டி ஒட்டியிருக்கிறாள், தையல்காரன் துண்டுத் துணியில் பை தைப்பது மாதிரி. சரி, அந்த ஊரை மட்டும் அழித்துவிடு என்றேன். அழிப்பதற்கு உள்ளே அந்த ஊரே இல்லையே ஐயா என்கிறாள்.

"துண்டுகதான் இருக்கு. துண்டை அழிச்சா சாயல்குடிக்காரங்களுக்கு முன்பாதி போயிரும். எட்டயபுரம் வெறும் எட்டயன்னு நிக்கும். திருச்செந்தூர்ல முருகனுக்கு 'ர்' இருக்காது. பரவாயில்லையா?"

முருகனை இழுக்கிறாள் பாருங்கள். அவள் வேதக்காரி, என்னிடம் முருகனைச் சொல்லி மடக்குகிறாள்.

நான் விடவில்லை. என் குரல் எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டு என்றேன். காட்டினாள். முதலில் அலை அலையாகக் கோடு. அதைப் பெரிதாக்கினாள், கோடு புள்ளியாகப் பிரிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு உயரம் என்று ஒரு எண். ஒரு நொடிப் பேச்சுக்கு ஆயிரமாயிரம் எண். அந்த எண்ணையும் உடைத்தால் பூஜ்யமும் ஒன்றும்தான். விளக்கு எரிகிறது, எரியவில்லை, அவ்வளவுதான் என்றாள். எவ்வளவு எரிச்சல் பாருங்கள். நான் ஆயுசெல்லாம் கத்தியது எரிகிறது, எரியவில்லை என்று ஆகிவிட்டது.

இதில் என் கோபம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே?

"சத்தம் எவ்வளவு உயரம் எழும்பிச்சுன்னு இருக்கு ஐயா. எதுக்கு எழும்பிச்சுன்னு இல்லை."

இன்னொன்றும் செய்தாள். அவள் வீட்டுப் பூனையின் படம் ஒன்று வைத்திருந்தாள். அதுவும் இதே பூஜ்யம் ஒன்றுதான், என் குரலை நிறுத்தச் சொல்லி நான் கொடுத்த மனுவை டைப் அடித்ததும் இதேதான், எல்லாம் உள்ளே ஒரே சரக்கு, அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி போதும் என்றாள். நம்பமாட்டேன் என்றேன். பூனையைப் பாட்டு மாதிரி ஓடவிட்டாள். ஆட்டுக்கல்லில் மணல் போட்டு அரைத்த மாதிரி கரகரவென்று கேட்டது. என் குரலைப் படமாகத் திறந்தாள். தரையில் ரவை கொட்டிய மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. இதுவா நான்? திறக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது ஐயா என்றாள். குரல் என்று திறந்தால் குரல், படம் என்று திறந்தால் படம்.

என் மகள் அதை மன்னிப்பு என்று திறந்துவிட்டாள், தம்பி. அதுதான் என் கேடு.

செல்போனிலும் அதே குரலைப் போட்டுவிட்டார்களாம். எந்த பஸ் என்று தொட்டால் நான் பேசுவேனாம். நான் இங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறேன், அதே நேரத்தில் யார் யார் சட்டைப் பையிலோ நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அந்த ஊரில் செண்பகத்தின் மகள், ஷைனி என்று பெயர், சாப்பிட மறுத்தால் போனைத் தொட்டு என் குரலைக் கேட்டால்தான் வாயைத் திறக்கிறாளாம். இட்லி என்றால் பிடிக்காது, சீனி தொட்டுக் கொடுத்தால் தின்னும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டில் எல்லாம் காதில் விழும். நானாக ஒருவரையும் கேட்பதில்லை. அந்த வண்டிக் கண்டக்டர் இங்கே டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்றால் தானாகச் சொல்வார். டீக்கு நான் காசு கொடுத்துவிடுவேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி பகவதி இருக்கிறாளே, அவளுக்கு இதில் எல்லாம் நாட்டமே கிடையாது. மாதாமாதம் சஷ்டிக்குத் திருச்செந்தூர் போவாள், வருவாள், அவ்வளவுதான் அவள் உலகம். வரும்போது இலை விபூதியும் ஒரு பொட்டலம் ரஸ்க்கும் கொண்டுவருவாள். திருச்செந்தூரில் இப்போது நல்ல ரஸ்க் போடுகிறார்கள், தம்பி. டீயில் நனைத்தால் அப்படியே நிற்கும், கரையாது. போனால் வாங்கிப் பாருங்கள்.

அந்தப் பகவதி காலையில் நான் பல் இல்லாத வாயைக் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று சொல்கிறாள்:

"உம்ம மக இன்னைக்கு வாரா. நீருதான் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுதீராமே."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கூப்பிடவில்லை என்று கத்தினேன். அதை எங்கிட்ட ஏன் சொல்லுதீரு, அவகிட்டச் சொல்லும் என்று உள்ளே போய்விட்டாள். பருப்பு ஊறவைத்திருந்தாள். வடைக்கு. அவ்வளவு வடையை நாங்கள் இரண்டு பேரும் எப்போது தின்பது?

நேரே ஜெபராணியிடம் போனேன். மனுவை முடித்துவிடு, இன்றைக்கே நிறுத்து, என் குரலே வேண்டாம் என்றேன். நிறுத்திவிடலாம் ஐயா, ஒரு கையெழுத்துப் போட்டால் சாயந்திரமே வேறு குரல் வந்துவிடும், சென்னையில் ஒரு பெண் பேசியது தயாராக இருக்கிறது என்றாள். பேனாவையும் நீட்டினாள். அப்புறம் மெதுவாக ஒன்று சொன்னாள். இல்லையென்றால் நீங்களே வந்து அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள், ஒட்டுப்போட்டதை எடுத்துவிட்டு உங்கள் சொந்தக் குரலையே வைத்துவிடுகிறேன் என்று. எப்படி இருக்கிறது கதை? பொய்யை எடுக்க வேண்டுமானால் நான் நிஜமாகவே சொல்ல வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். டைப் அடித்த மனு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. பேனா எழுதவில்லை.

வண்டி திரும்புகிறது. பாருங்கள், வாசலில். பச்சை வண்டி. அதுதான்.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை, கொஞ்சம் பஞ்சுமிட்டாய். எனக்குத்தான். கடலைமிட்டாய் வாங்கலாம் என்றுதான் போனேன், முன்பல் விழுந்த பிள்ளை எப்படிக் கடிக்கும்? நீங்கள் போய்விடாதீர்கள். ஒரு சாட்சி வேண்டும். நான் உண்மையைச் சொல்லிவிட்டு இதோ வந்துவிடுகிறேன்.

*

பையைக் கொடுங்கள் தம்பி. இங்கேயே இருந்தீர்களே, நல்லது. நின்றுகொண்டேதான் சொல்ல வேண்டும், அதோ டீக்கடைப் பக்கம் நிற்கிறார்கள். நீலச் சேலை. பார்க்கிறாள் பாருங்கள், நீங்கள் பார்க்காதீர்கள். தூரத்தில் உங்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த வெற்றிலைக் கடைக்காரன் வேறு மாதிரி சொல்வான்.

இறங்கினாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். பிள்ளையையும் கைபிடித்து இறக்கினாள். பிறகு நேராகச் சொல்லிவிட்டேன். செண்பகம், அது நான் சொன்னதில்லை, சாயல்குடியில் கொஞ்சம், எட்டயபுரத்தில் கொஞ்சம் எடுத்து மிஷின் ஒட்டியது என்று. சொல்லிவிட்டு, அந்த வண்டி எப்போது திரும்பும் என்று கண்டக்டரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

"தெரியும்ப்பா" என்கிறாள். "முதல் நாளே தெரியும். உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

தெரிந்துமா வந்தாய் என்று கேட்டேன்.

"மனு குடுத்து நிறுத்தப்போறீயன்னு அம்மா சொன்னா. நிறுத்துறதுக்கு முந்தி இவளுக்கு ஒருவாட்டி நேர்ல கேக்க வச்சிருவோம்னு கூட்டியாந்தேன். கேட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போயிருவோம்."

பகவதிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், இவளிடம் எங்கே பார்த்துச் சொன்னாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குட்டி நிமிர்ந்து பார்க்கிறது. என்னை இல்லை. மேலே, தூணில் கட்டியிருக்கிற ஸ்பீக்கரை. அதைப் பார்த்துக் கையாட்டுகிறது, தம்பி. தாத்தா என்று அந்தத் தகரத்தைக் கூப்பிடுகிறது. இங்கே ஆறடி உயரத்தில் நான் நிற்கிறேன்.

நான்தான் தாத்தா என்றேன். அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நீங்க இல்ல. தாத்தா மேல இருக்காரு" என்றது.

விட முடியுமா? குரலை எடுத்து, பயணிகள் கவனத்திற்கு என்றேன். பஸ் ஸ்டாண்டு பாதி திரும்பிப் பார்த்தது. சாயல்குடி சொன்னேன், எட்டயபுரம் சொன்னேன், திருச்செந்தூரை அந்த 'ர்' தனியாக உருளும்படி சொன்னேன். இல்லை என்று குட்டி தலையை ஆட்டுகிறது. முன்பல் இல்லாத வாயை வைத்துக்கொண்டு எனக்கு உத்தரவு போடுகிறது.

"எங்க ஊரைச் சொல்லுங்க."

"பேசாம இரு ஷைனி" என்று செண்பகம் அதன் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கை எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் போய் அப்படியா இழுப்பார்கள்? அந்தக் கோபத்தில்தான் சொன்னேன், தம்பி. வேறு ஒன்றும் இல்லை. பயணிகள் கவனத்திற்கு, சாயர்புரம் செல்லும் பேருந்து என்று முழுசாகச் சொன்னேன். நல்ல தெளிவாக, பழைய நாள் மாதிரி. அந்தக் கண்டக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்கும் தலையை ஆட்டுகிறது. "தாத்தா இப்படிச் சொல்ல மாட்டாரு. நடுவுல விக்குவாரு" என்கிறது. ஒட்டுப்போட்ட இடத்தில் மிஷின் ஒரு தரம் விக்குகிறதாம். அதையே கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு விக்காத நான் போலி.

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிறுவயதில் சிரிப்பது மாதிரியே, சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு. அதைப் பார்த்துக்கொண்டே நான் இன்னொரு தரம் சொன்னேன். 'சாய' வந்தது. 'ர்' வந்தது. 'புரம்' வரக் கொஞ்சம் தாமதமாயிற்று.

உடனே குட்டி முன்னால் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. இது தாத்தாதான் என்று அம்மாவிடம் சொல்கிறது.

வீட்டுக்குத்தான் போகிறோம். வடை ஆறிவிடும். நேரமாகிவிட்டது, வரட்டுமா தம்பி? அந்த வெற்றிலைக் கடைக்காரன் உங்களிடம் வந்து, கிழவனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது, கண் கலங்கிவிட்டது என்று ஏதாவது சொல்வான். நம்பாதீர்கள். பிள்ளை கேட்டது என்பதற்காக நான் வேண்டுமென்றேதான் விக்கினேன்.